நோயா, நடிப்பா?

உடம்பில் யாதொரு குறையும் இல்லையென்று டாக்டர் உறுதி கூறிய பின்னரும் ஒருவருக்கு உடம்பு வலிக்குமானால், அவ்வலியை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? நோய் என்பதா? நடிப்பு என்பதா? அன்றி, முதுமையின் பிடிவாதம் என்று கூறி ஒதுக்கிவிடுவதா? இக்கேள்வி டாக்டர்களுக்கு மட்டுமே உரியதென்று நேயர்கள் கருதிவிட வேண்டாம். வயது முதிர்ந்த தாயோ தகப்பனோ வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் விடை கூறியே தீரவேண்டிய ஒழுக்கக் கேள்வி இது.

நம்மில் பலரும் அறிந்த ஒரு முகத்தை ஈண்டு நினைவுக்குக் கொண்டுவருவோம். பால்மரக் காட்டில் நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த மூதாட்டி அவர். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளி சுமந்து குடும்பத்தை வளர்த்தவர். பின்னர் தோட்டம் கைமாறிற்று. கித்தா மரங்கள் வீழ்ந்தன. அவ்விடத்தில் செம்பனையோ, வீடமைப்புத் திட்டமோ எழுந்தது. லயம் இடிக்கப்பட்டது. அண்டை அயலார் திக்குக்கொருவராய்ச் சிதறினர். இன்று அவர் மகனுடன் பட்டணத்து அடுக்கு மாடியில் வசிக்கிறார். கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின்னரே தொடங்கிற்று அந்த நீண்ட பட்டியல்: நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், தலைக்கனம், கால் மரத்துப்போதல், உறக்கமின்மை. இரத்தம் சோதித்தாயிற்று, நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று, வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. எங்கும் கிடைத்த விடை ஒன்றே: "ஒன்றுமில்லை."

இந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லுக்கு மூவர் மூன்று பொருள் கூறுகின்றனர். டாக்டர், "என் சாஸ்திரத்துக்கு எட்டிய நோய் இல்லை" என்ற பொருளிற் கூறுகிறார். பூசாரி, "செய்வினை இருக்கிறது, கயிறு கட்ட வேண்டும்" என்று பொருள் கொள்கிறார். வேலையால் களைத்து வரும் மகனோ, "அம்மா வேண்டுமென்றே படுத்துகிறார்" என்று முடிவு கட்டுகிறார். மூதாட்டிக்கோ வலி இருந்தபடியே இருக்கிறது. முன்பு வலி ஒன்றுதான் இருந்தது. இப்பொழுது பொய்யர் என்ற பழியும் சேர்ந்துகொண்டது.

சீர்திருத்தம் பேசும் நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பொன்று உண்டு. கண்ணால் காணாத பேயையும், சோதனைக்கு நில்லாத மந்திரத்தையும் நம்பாதீர் என்று மக்களுக்குச் சொல்லி வந்தோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு, கருவியில் அகப்படாத வலியையும் இல்லையென்று மறுக்கத் துணிந்தோமாயின், பகுத்தறிவுக்கு நாமே துரோகம் செய்தவராவோம். பேயைக் கண்டதாகச் சொல்பவர் உலகைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார், அதைச் சோதிக்கலாம். வலிக்கிறது என்பவரோ தம்மைப் பற்றியே கூறுகிறார். அதற்கு அவரையன்றி வேறு சாட்சி இல்லை. சாட்சி ஒருவரேயாயின், அவர் சொல்லைத் தள்ளுவதற்கு வலுவான காரணம் வேண்டுமல்லவா?

இனி, மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டவற்றை நோக்குவோம். 1822-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் வாலிபர் துப்பாக்கிக் குண்டால் வயிற்றில் காயமுற்றார். காயம் ஆறிய பின்னும் இரைப்பையில் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் செய்த வில்லியம் போமாண்ட் என்னும் இராணுவ டாக்டர் அத்துளையின் வழியே பல ஆண்டுகள் இரைப்பையின் வேலையைக் கண்ணாரக் கண்டு 1833-இல் நூலாக வெளியிட்டார். அச்சமும் கோபமும் அம்மனிதரைப் பற்றியபோது இரைப்பையின் உட்புறத்து நிறமும் ஈரமும் மாறியதை அவர் குறித்துள்ளார். உள்ளத்தின் கொதிப்பு வயிற்றில் தெரியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமோ?

1915-இல் வால்ட்டர் கானன் என்பார், அச்சமும் சினமும் எழும்போது உடம்பிலுள்ள சுரப்பிகள் இரத்தத்தில் ஒரு சாற்றைக் கலந்து, நெஞ்சை விரைந்து துடிக்கச் செய்து, குடலின் வேலையை நிறுத்துகின்றன என்று விளக்கினார். 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர், வலியென்பது காயத்திலிருந்து மூளைக்கு ஓடும் வெறுஞ் செய்தியன்று. முதுகுத் தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகள் அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்னும் கொள்கையை வெளியிட்டனர். பின்வந்தோர் அதன் விவரங்களைத் திருத்தினராயினும், கவலையும் தனிமையும் வலியைப் பெருக்கும், ஆறுதலும் ஊக்கமும் அதைத் தணிக்கும் என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

முதியோர்க்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. 1990-இல் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு விந்தையான இருதய நோயை எடுத்துரைத்தனர். மாரடைப்பைப் போலவே நெஞ்சு வலிக்கும், மூச்சுத் திணறும், ஆனால் இருதய இரத்தக் குழாய்களில் அதற்குக் காரணமான அடைப்பு காணப்படாது. இருதயத்தின் இடது அறை மட்டும் சில நாட்கள் செயல் குன்றி, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானையைப் போல் உப்பி நிற்கும். அப்பானையின் பெயரையே கொண்டு அந்நோய் 'தக்கோட்சுபோ' எனப்படுகிறது. இந்நோய் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்கள். வாழ்க்கைத் துணையை இழத்தல் போன்ற பெருந்துயரம் பலருக்கு இதன் முன்னோடியாய் அமைகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். சிலர் இறந்துபடுவதும் உண்டு. துக்கத்தால் நெஞ்சு உடைந்தது என்று நம் பாட்டிமார் கூறியது வெறும் அலங்காரச் சொல் அன்று என இப்பொழுது விளங்குகிறதல்லவா?

ஆகவே உள்ளத்தால் உண்டாகும் உடல்நோய் கற்பனை நோயன்று. காரணம் உள்ளத்தில் இருக்கலாம். வலி உடம்பில்தான் இருக்கிறது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது மேற்செல்லுதல் முறையாகாது. "எல்லாம் மனந்தான்" என்னும் சொல், டாக்டரின் அறியாமையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடக் கூடும். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் மனப்போராட்டமுமே காரணமென்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி பேசப்பட்டு வந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை இனங்கண்டு, அப்புண்ணிற் பெரும்பங்கு அக்கிருமியால் வருவதே என்று காட்டினர். உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டிற்று. அதற்குமுன் எத்தனை பேர் தங்கள் குணத்தைத் தாங்களே நொந்துகொண்டு வயிற்றெரிச்சலோடு வாழ்ந்து மடிந்தனரோ!

முதுமையில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. முதியோர்க்கு, அதிலும் நீரிழிவுள்ளோர்க்கு, மாரடைப்பே நெஞ்சுவலியின்றி வெறுங் களைப்பாகவோ மூச்சிரைப்பாகவோ வருவதுண்டு. தைராய்டுச் சுரப்பியின் குறைவும், பி-12 உயிர்ச்சத்தின் குறைவும் மனச்சோர்வின் வேடம் பூண்டு வரும். உண்ணும் மருந்துகளே தலைச்சுற்றலுக்குக் காரணமாதலும் உண்டு. ஆதலின் நன்கு சோதியாமல் மனநோய் என்று பெயரிடுதல் குற்றம். சோதித்து முடித்த பின்னும் பொய்யென்று பெயரிடுதல் அதனினும் குற்றம். 2013-இல் அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தார் தம் நோய்ப் பகுப்பு நூலைத் திருத்தியபோது, உடலில் காரணம் அகப்படாமையே இந்நோயின் இலக்கணம் என்னும் பழைய விதியை இப்பிரிவின் பெரும்பகுதியிலிருந்து நீக்கினர். காரணம் தெரிகிறதா இல்லையா என்பதைவிட, அத்துன்பம் மனிதரின் எண்ணத்தையும் வாழ்வையும் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்பதையே நோக்கச் சொன்னார்கள். தெரிந்த நோயும் உள்ளத்தின் வேதனையும் ஒரே உடம்பில் சேர்ந்து வாழலாம். ஒன்றிருந்தால் மற்றொன்று இல்லையென்பதில்லை.

இனி ஒரு வினா எழும்: உள்ளத்தின் துயரை முதியோர் ஏன் உள்ளத்தின் மொழியிலேயே சொல்லலாகாது? நாம் கேட்கிறோம்: அம்மொழியை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? நம் தமிழிலேயே துயரம் உடம்பில்தான் குடியிருக்கிறது. பொறாமைக்கும் ஏக்கத்துக்கும் வயிறு எரிகிறது. துக்கத்துக்கு நெஞ்சு அடைக்கிறது. இழப்பு வந்தால் குலை நடுங்குகிறது. மேலும் இந்நாட்டில், "மனத்தில் நோய்" என்று வாய்திறந்த அளவிலே "தஞ்சோங் ரம்புத்தான்" என்று சிரிக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. 1911-இல் அங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்ட நாள்தொட்டு அவ்வூரின் பெயரே வசையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அவ்வசையைக் கேட்டு வளர்ந்தவர், "எனக்கு மனம் சரியில்லை" என்று எப்படிச் சொல்வார்? "கால் வலிக்கிறது" என்றுதான் சொல்வார். சயாம் ரயில் பாதைக்குத் தகப்பனைப் பறிகொடுத்த குழந்தைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அழுவதற்கு ஓய்வின்றி மறுநாளே வேலைக்குப் போன தாய்மார் வளர்த்த பிள்ளைகள் அவர்கள். அடக்கிய அழுகை எங்கேனும் வெளிவரத்தானே வேண்டும்?

"அப்படியாயின், வலியென்று சொன்னால்தான் மகன் பக்கத்தில் வந்து உட்காருகிறான் என்பதற்காகவே வலியென்கிறார், இது நடிப்பல்லவா?" என்று கேட்பாரும் உளர். நடிப்பவன் தான் நடிப்பதை அறிவான். இம்மூதாட்டியோ அறியார். நள்ளிரவில் ஒருவரும் பாராதபோதும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார். ஒருகால் நம் கவனத்தைப் பெறும் ஆவலும் அதிற் கலந்திருப்பினும், நாணவேண்டியவர் அவரா, நாமா? நோயென்னும் அனுமதிச் சீட்டில்லாமல் பெற்ற தாய் மகனோடு பேச முடியாத வீட்டில், குற்றம் சீட்டைக் காட்டுபவர்மீது சாராது.

அடுத்து, நம்மவருள் கருத்து வேறுபாட்டுக்கு இடமான பொருளுக்கு வருகிறோம். பூசாரி கட்டிய கயிற்றால் சில மூதாட்டியர்க்கு உறக்கம் வருகிறது. டாக்டர் போட்ட வெறும் வைட்டமின் ஊசியால் சிலருக்கு வலி தணிகிறது. நன்மை விளையுமாயின் பொய் கூறலாமா? கயிற்றை நாம் அறுத்தெறிய வேண்டுமா?

நன்மைக்காகப் பொய் என்பார் கூற்றில் வலுவில்லாமல் இல்லை. துன்புறுபவர்க்குத் தணிவே வேண்டும். தத்துவம் வேண்டாம் என்பர். ஆனால் பொய்யான மருந்து ஒருமுறையோடு நிற்பதில்லை. ஊசியால் தணிந்தது என்று நம்பியவர், அடுத்த வலிக்கு அடுத்த ஊசியைத் தேடுவார். தம்முள்ளே இருக்கும் வலிமையை அறியார். கயிற்றுக்குப் பின் ஆடு, ஆட்டுக்குப் பின் கடன் என்று குடும்பங்கள் அழிந்ததை நாம் கண்டதில்லையா? அன்றியும், முதியவரை ஏமாற்றலாம் என்று ஒப்புக்கொண்ட அக்கணமே, அவரை அறிவுள்ள மனிதர் என்னும் நிலையிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு சிறிய ஆராய்ச்சி நமக்குத் துணை நிற்கிறது. 2010-இல் அமெரிக்காவில் டெட் காப்சக் என்பாரும் அவர் கூட்டத்தாரும் நாட்பட்ட குடற்கோளாறுடைய 80 பேரை எடுத்துக்கொண்டனர். ஒரு பகுதியார்க்கு, "இம்மாத்திரையில் மருந்து இல்லை, எனினும் உடம்பு தன்னைத் தானே தணித்துக்கொள்ள இது உதவக் கூடும்" என்று உள்ளதை உள்ளபடி கூறி வெறும் மாத்திரை தந்தனர். மற்றப் பகுதியார்க்கு மாத்திரை இல்லை. பேச்சும் பரிவும் இருவர்க்கும் ஒன்றே. மூன்று வாரங்களில், மாத்திரை உண்டவருள் 100-க்கு 59 பேரும், உண்ணாதவருள் 35 பேரும் போதிய தணிவு கண்டதாகக் கூறினர். இவர்கள் எல்லோரும் முதியவர் அல்லர், தொகையும் சிறிது, ஆதலின் இதனை எல்லா நோய்க்கும் விதியாக்குதல் தகாது. ஆயினும் ஒன்று தெளிவு: ஆறுதலுக்குப் பொய் இன்றியமையாத துணையன்று. மாத்திரை பெறாதவருள்ளும் மூன்றிலொரு பங்கினர் தணிவு கண்டனர் என்பதையும் நேயர்கள் கவனிக்க.

பூசாரியிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு என்று கூறினால் நம் தோழர்கள் வெகுளக் கூடாது. அவர் அரை மணி நேரம் உட்காருகிறார், பெயரைக் கேட்கிறார், என்று தொடங்கிற்று, வீட்டில் யார் இறந்தார், யாரோடு மனத்தாங்கல் என்று கேட்கிறார். மகன் கேளாததை அவர் கேட்கிறார். டாக்டருக்குக் கேட்க நேரமில்லாததை அவர் கேட்கிறார். குணமாக்கியது கயிறு அன்று. அந்த அரை மணி நேரமே என்பது நமது துணிபு. 1957-இல் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்னும் டாக்டர், குடும்ப வைத்தியத்தில் மிகுதியாக வழங்கப்படும் மருந்து டாக்டரே என்று எழுதியதும் இதையே குறிக்கும். ஆகவே எண்பது வயது மூதாட்டியின் கையிலுள்ள கயிற்றை வலிந்து அறுப்பது சீர்திருத்தமன்று; கொடுமை. அக்கயிறு தேவைப்படாத வீட்டை அமைத்துத் தருவதே சீர்திருத்தம்.

எனின், உண்மையான சிகிச்சை யாது? முதலாவது, ஒருமுறை முழுமையாகச் சோதித்து, முடிவை மறைக்காமல் எடுத்துரைத்தல். "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக, "உயிருக்கு ஆபத்தான நோய் காணப்படவில்லை; உங்கள் வலி உண்மையானது; துக்கத்தாலும் கவலையாலும் உடம்பு இப்படி வலிப்பதுண்டு; நாம் சேர்ந்து தணிக்கலாம்" என்று கூறுதல். இரண்டாவது, டாக்டரை மாற்றிக்கொண்டே இராமல் ஒருவரிடமே குறித்த நாட்களில் செல்லுதல். வலி மிகும்போது மட்டுமன்று. வலியில்லாதபோதும் செல்லுதல் வேண்டும். 1986-இல் அமெரிக்காவில் நாட்பட்ட இத்தகைய நோயாளர்க்கு இம்முறையைக் கையாளும்படி டாக்டர்களுக்கு எழுதிக் கொடுத்ததில், அவர்களுடைய வைத்தியச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உடல்நிலை அதனால் கெடவில்லை. கவனத்தைப் பெறுவதற்கு வலியே வழி என்னும் கட்டு இவ்வாறு அவிழ்கிறது. ஆனால் புதிய குறியொன்று தோன்றினால் மீண்டும் சோதிக்கத் தயங்கலாகாது.

மூன்றாவது, மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தல். மூன்று டாக்டர்கள் தந்த மூன்று தூக்க மாத்திரைகள் ஒரே பையில் கிடப்பது அருமையன்று. முதியோர்க்குத் தீங்கு செய்யக்கூடிய மருந்துகளை 1991-இல் மார்க் பியர்ஸ் என்பார் முதன்முதல் பட்டியலிட்டார். அது இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. தூக்க மாத்திரைகளால் முதியோர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், நினைவு குழம்புவதும் உண்டு. எனினும் நெடுநாள் உண்டவற்றைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. டாக்டரின் யோசனைப்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். நான்காவது, மனச்சோர்வு உள்ளதா என்று கேட்டறிந்து, இருப்பின் அதற்குரிய வைத்தியம் செய்தல். முதுமையில் சோர்வு இயல்பே என்பது தவறான கொள்கை. அதற்கு மருந்தும் உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சு வைத்தியமும் உண்டு. மருந்து பலன்தரச் சில வாரங்கள் ஆகுமாதலின் பொறுமை வேண்டும். ஐந்தாவது, நாள்தோறும் நடை, வெயில், செய்வதற்கு ஒரு வேலை, பேசுவதற்கு ஓர் ஆள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்திலிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக வைத்தார். இந்நோயில் முதன்மையானது அந்நான்காவது கூறே. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து செலவுத்தொகை பெற்றுத்தரச் சிங்கப்பூரில் 1995-இல் சட்டம் இயற்றப்பட்டது. நல்ல சட்டமே. ஆனால் சட்டம் வெள்ளியைப் பெற்றுத்தரும். பக்கத்தில் உட்காரும் பத்து நிமிடத்தைப் பெற்றுத்தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சாட்டி முடிப்பதும் நியாயமன்று. பகல் வேலையும் இரவு வேலையும் மாறிமாறிச் செய்து, கூடுதல் நேர ஊதியத்தால் வீட்டுக் கடன் கட்டும் மகனிடம் பொறுமை எங்ஙனம் மிஞ்சும்? பணிவிடைப் பாரம் முழுவதையும் மருமகளின் தலையில் ஏற்றிவிட்டு, ஆடவர் பத்திரிகை படித்திருக்கும் வீடுகளும் நம்மிடை மிகுதி. பெண்ணுரிமை பேசுவோர் முதலில் தம் தாயின் படுக்கையருகே தாமே நாற்காலி இழுத்துப்போட்டு உட்காரட்டும். நம் சங்கங்களும் வாசகசாலைகளும் வாரத்தில் ஒரு பிற்பகலையேனும் முதியோர்க்கு ஒதுக்கட்டும். சிதறிப்போன தோட்டத்து அண்டை வீட்டார் இருவரை ஒரு மேசையில் மீண்டும் சந்திக்க வைப்பது, பல மாத்திரைகள் செய்யாத வேலையைச் செய்யக் கூடும்.

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: அது நோய்தான். அதன் ஒரு முனை உடம்பிலும், மற்றொரு முனை நம் வீட்டிலும் இருக்கிறது. இன்றிரவு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரானால், ஆபத்தான குறி உண்டா என்று முதலிற் பாருங்கள். இருப்பின் காலந்தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இல்லையெனில், விளக்கை அணைத்துவிட்டு உங்கள் அறைக்குப் போய்விடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "அப்பாவை நினைத்தீர்களா, அம்மா?" என்று கேளுங்கள். விடை வரச் சிறிது நேரமாகும், அதுவரை காத்திருங்கள்.